பயிரின் வாசனையும் பறவையின் மூக்கும்



வயலில் அறக்கொட்டியான் கண்டதும், சோளத்தில் படைப்புழு ஏறியதும் நம் வன்னிக் கமக்காரர் முதலில் ஓடுவது மருந்துக்கடைக்கே. அதைக் குறைகூற முடியாது. கடன்பட்டு விதைத்தவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஆயினும் நாம் கடைக்குப் போகுமுன்பே பயிர் தானாகவே உதவிக்கு ஆளனுப்பிவிடுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வேலியோரப் புல்லை வெட்டும்போது எழும் பச்சை மணம் உங்களுக்குத் தெரியும். காயப்பட்ட இலை காற்றில் விடும் இரசாயனப் பொருள்களே அம்மணம். கத்தி பட்டால் ஒரு மணம். புழு கடித்தாலோ வேறொரு மணம். புழுவின் எச்சில் இலையிற் பட்டதும் செடி அதை இனங்கண்டு, சில மணி நேரத்தில் புதிய பொருள்களை ஆக்கி வெளிவிடுகிறது. 1990இல் அமெரிக்காவின் புளோரிடாவில் சோள நாற்றுக்களை வைத்து இதைக் காட்டினார்கள். அந்த மணம் சிறு குளவிகளை அழைக்கிறது. அவை புழுவின் உடலில் முட்டையிட, பொரிக்கும் குடம்பிகள் புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். நெல்லும் இதற்கு விலக்கல்ல. அறக்கொட்டியான் தாக்கிய நெற்பயிரின் மணத்துக்கு, அதன் முட்டைகளை அழிக்கும் மிக நுண்ணிய குளவியொன்று வருகிறது.

குளவி சரி, பறவை? பறவைக்கு மூக்கு மந்தம் என்றே நெடுங்காலம் நம்பினர். பிணந்தின்னிக் கழுகு மணத்தால் அல்ல, கண்ணால்தான் இரை தேடுகிறது என்று 1826இல் ஓடுபன் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பறவை ஓவியர் எழுதிவைத்தார். அச்சொல் நூறாண்டுக்கு மேல் நின்றது. (பெரியவர் சொன்னால் ஆராயாமல் ஏற்பது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமல்ல!) அக்கழுகுகளில் ஒருவகை மணத்தைப் பிடித்தே பிணத்தைக் கண்டுகொள்கிறது என்பதை 1964இல் ஸ்ரேகர் என்பவர் நிறுவினார்.

2004இல் பின்லாந்து ஆய்வாளர், புழு தின்ற கிளைகளை மறைத்துவைத்தும் சிறு குருவிகள் அம்மரங்களையே நாடியதைக் கண்டனர். 2013இல் ஒல்லாந்தில் இன்னும் தெளிவான சோதனை நடந்தது. அப்பிள் மரங்களிலிருந்து புழுக்களையும் கடிபட்ட இலைகளையும் அகற்றிவிட்டு, 'பெரும் சிட்டு' எனப்படும் குருவியை விட்டார்கள். பார்க்க ஒன்றுமில்லை, இருந்தும் அது புழு இருந்த மரத்தையே தேடிச்சென்றது. நம் காணிகளிலும் காடுகளிலும் வெண்கன்னமும் சாம்பல் முதுகுமாய்த் திரியும் சிறுகுருவி இதற்கு நெருங்கிய உறவு.

இதில் எனக்குப் பெரிதாகப்பட்டது 2016இல் வந்த முடிவு. கையில் வளர்த்த, அனுபவமில்லாக் குருவிகளுக்கு அம்மரத்தின்மேல் எந்த நாட்டமும் இருக்கவில்லை. ஆகவே இது பிறவி ஞானமன்று, கற்றுக்கொள்வது. மணம் உள்ள இடத்தில் இரையும் கிடைத்தாலன்றிக் குஞ்சு எப்படிக் கற்கும்?

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் படைப்புக்கள் யாவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என வற்புறுத்தினார். அதை வெறும் பக்திப் பேச்சென்று தள்ளிவிடாதீர்கள். ஓர் இலைக்கும் ஒரு குருவியின் மூக்குக்கும் உள்ள பிணைப்பை மேலே கண்டீர்கள். அதை அறுத்தால் வரும் நட்டத்தையும் காணலாம். கண்டபடி மருந்தடித்தால் சிலந்தியும் குளவியும் மாளும். தண்டினுள் இருக்கும் அறக்கொட்டியான் முட்டைகளோ தப்பிவிடும். பிறகு எதிரியின்றி முன்னிலும் பெருகும். இந்தோனேசியா இப்படிப் பட்டுத்தான் தெளிந்தது. 1986இல் அந்நாட்டு அரசு 57 வகை மருந்துகளை நெற்செய்கையில் தடைசெய்தது.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புழுவின் அளவைப் பார்த்து, விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு அடியுங்கள். அதற்கு முன் ஒரு சிறு காரியம் செய்யலாம். குருசுபோலக் குறுக்குத்தடி கட்டிய கம்புகளை வயலில் ஆங்காங்கே நடுங்கள். இரட்டைவால் கரிக்குருவி வந்தமர்ந்து பூச்சி பிடிக்கும். அது பெரும்பாலும் கண்ணை நம்பும் பறவை. அப்பிள் மரத்துக் கதையை அப்படியே அதன் தலையில் ஏற்ற வேண்டாம். கதிர் பால்பிடிக்கும் வேளையில் கம்புகளை மறவாமற் பிடுங்கிவிடுங்கள். இல்லையேல் நெல் தின்னும் குருவிகளும் அதிலேயே வந்தமரும்.