பெரிய ஊரா? சின்ன ஊரா?

மும்பை மிகப் பெரிய நகரம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அங்கே 1 கோடியே 24 லட்சம் பேர் இருந்தார்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் நம் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவிக்கு வந்தவர்கள் பலர்.

கடற்கழிக்கு அந்தப் பக்கம் இன்னொரு நகரம் இருக்கிறது. அதன் பெயர் நவி மும்பை. மராத்தியில் 'நவி' என்றால் 'புதிய' என்று பொருள். அதே கணக்கெடுப்பில் அங்கே சுமார் 11 லட்சம் பேர். மும்பையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நவி மும்பையின் ஒரு பகுதிதான் கோபர்கைரனே.

வாடகை தாங்காமல் பலர் அங்கே வீடு மாற நினைக்கிறார்கள். சின்ன ஊரில் வாழ்க்கை எப்படி இருக்கும்? மாறுவதற்கு முன் எதை எதை யோசிக்க வேண்டும்? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஊர் வந்த கதை

மும்பையில் இட நெருக்கடி அதிகமானது. அதனால் கழிக்கு அப்பால் புதிய நகரம் கட்ட அரசு முடிவு செய்தது. அதற்காக 1970இல் 'சிட்கோ' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது.

அந்த இடம் வெறும் பொட்டல் அல்ல. 95 கிராமங்களின் நிலம் அது. ஆக்ரி மக்களும் கோலி மக்களும் அங்கே நெல் விளைவித்தார்கள். உப்பு எடுத்தார்கள். மீன் பிடித்தார்கள். நிலத்துக்குச் சரியான விலை கேட்டு அவர்கள் போராடினார்கள். தி. பா. பாட்டீல் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். 1984 ஜனவரியில் உரண் பகுதியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். எடுத்த நிலத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பங்கை மனையாகத் திருப்பித் தரும் திட்டம் அதன் பிறகுதான் வந்தது. நாம் குடிபோகும் தெரு ஒரு காலத்தில் யாரோ உழுத வயல். இதை மறக்கக் கூடாது.

1973இல் வாஷிப் பாலம் திறக்கப்பட்டது. 1992இல் மான்கூர்டிலிருந்து வாஷிக்கு ரயில் ஓடியது. அதே ஆண்டில் நவி மும்பை மாநகராட்சி செயல்படத் தொடங்கியது. மும்பையின் மொத்த வியாபாரச் சந்தைகள் வாஷிப் பக்கம் மாறின. மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்களில் பலர் கோபர்கைரனேயில் குடியேறினார்கள். 2004இல் தாணேக்கும் வாஷிக்கும் இடையே பயணிகள் ரயில் வந்தது. கோபர்கைரனே அந்தப் பாதையில் ஒரு நிலையம்.

நாத்தனாரும் மதினியும்

ஒரு பெண் தாராவியில் இட்லி விற்கிறார். அவருடைய அண்ணன் குடும்பம் கோபர்கைரனேக்கு மாறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மதினியைப் பார்க்கப் போகிறார். அவர்கள் இப்படிப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

நாத்தனார்: இந்த ஊர் எப்படி இருக்கு மதினி?

மதினி: குழாய் வீட்டுக்குள்ளே இருக்கு. கக்கூசும் வீட்டுக்குள்ளேயே. ராத்திரியில பொம்பளப் பிள்ளையைத் தனியா வெளியே அனுப்பணுமேங்கிற பயம் இல்லை. அது ஒண்ணே பெரிய நிம்மதி.

நாத்தனார்: அப்போ நாங்களும் வந்திரலாமா?

மதினி: அவசரப்படாதே. உங்க அண்ணனுக்கு வேலை இன்னும் தாராவியிலதான். பிள்ளைகள் எழுந்திரிக்கும் முன்னே போறார். அதுக தூங்கின பிறகு வர்றார். ஞாயித்துக்கிழமைதான் அப்பா முகத்தைப் பார்க்குதுக.

நாத்தனார்: அக்கம்பக்கத்துல ஆள் துணை இருக்கா?

மதினி: அதுதான் குறை. அங்கே காய்ச்சல்னா பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொண்டாருவா. இங்கே முதல் ஆறு மாசம் யாரும் பேசலை. மராத்தி நாலு வார்த்தை படிச்சேன். அப்புறம்தான் கீழ்வீட்டு ஆக்ரி அம்மா பழக ஆரம்பிச்சாங்க. இப்போ அவங்கதான் எனக்குத் துணை. நீ உன் இட்லி வியாபாரத்தையும் யோசி. அங்கே வாடிக்கை இருக்கு. கடனுக்கு அரிசி தர்ற கடைக்காரர் இருக்கார். இங்கே எல்லாத்தையும் முதல்ல இருந்து தொடங்கணும்.

நாத்தனார்: வாடகை குறைவுன்னு மட்டும்தான் நான் நினைச்சேன் மதினி.

கணக்குப் போடுவோம்

வாடகை குறைந்தால் மட்டும் லாபம் என்று சொல்ல முடியாது. ரயில் பாஸ் செலவைச் சேர்க்க வேண்டும். ஆட்டோ, பஸ் செலவைச் சேர்க்க வேண்டும். விட்டுப்போகும் வருமானத்தையும் சேர்க்க வேண்டும்.

நேரமும் ஒரு செலவுதான். தாராவியில் வேலை செய்பவர் சயானில் ரயில் ஏறலாம். தாணேயில் இறங்கி, வேறு ரயில் மாறிக் கோபர்கைரனேக்கு வரலாம். குர்லா, வாஷி வழியாகவும் வரலாம். எந்த வழியானாலும் மாற வேண்டும், காத்திருக்க வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று வையுங்கள். மாதம் 25 நாள் வேலை என்றால் 50 மணி நேரம். இரண்டு முழு நாளுக்கும் மேல் ரயிலிலேயே போகிறது.

வேலையும் இந்தப் பக்கமே கிடைத்தால் கணக்கு மாறும். தாணே–பேலாப்பூர் சாலையில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. வாஷிச் சந்தையிலும் வேலை உண்டு. முதலில் வேலையைத் தேடுங்கள். பிறகு வீட்டைத் தேடுங்கள்.

வீடு மாறும்போது

1. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைச் சட்டம் இப்படிச் சொல்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. டெபாசிட் தொகை அதில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. பள்ளியில் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழை வாங்குங்கள். எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் தாமதமானாலும் அரசு, மாநகராட்சிப் பள்ளிகள் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. இது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். தமிழில் படிக்கும் பிள்ளை என்றால், புதிய இடத்தில் எந்த மொழியில் பாடம் நடக்கிறது என்று முன்பே விசாரியுங்கள்.

3. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த ரேஷன் அட்டை இருக்கிறதா? அதில் ஆதார் இணைந்திருந்தால் வேறு ஊர்க் கடையிலும் தானியம் வாங்கலாம்.

4. வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றப் படிவம் 8 கொடுங்கள். ஓட்டு இருந்தால்தான் தண்ணீருக்கும் சாலைக்கும் கேட்க நமக்குப் பலம்.

பெரிய ஊரில் சம்பாத்தியமும் சொந்த பந்தமும் உண்டு. நெருக்கடியும் உண்டு. சின்ன ஊரில் காற்றும் இடமும் உண்டு. தனிமையும் தூரமும் உண்டு. எது நல்லது என்பதை வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். சம்பாதிப்பவர் மட்டும் முடிவு செய்தால் போதாது. வீட்டில் இருக்கும் பெண்ணும் படிக்கும் பிள்ளையும் அந்த ஊரில்தான் நாள் முழுவதும் வாழப் போகிறார்கள்.

சிந்திப்போம், பேசுவோம்

1. மதினிக்குக் கிடைத்த நன்மைகள் எவை? இழந்தவை எவை?
2. நாத்தனார் வீடு மாறலாமா? உங்கள் கருத்து என்ன? ஏன்?
3. உங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால் முதல் நாள் நீங்கள் என்ன உதவி செய்வீர்கள்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டின் ஒரு மாத வாடகை, பயணச் செலவு, பயண நேரம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். கூட்டிப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.