பெயரின் முடிவில் ஒரு புள்ளி

அரபு எழுத்துகளை ஓதப் பழகிய நாட்களிலேயே புள்ளியின் பெறுமதியை நாம் அறிந்துகொண்டோம். பா, தா, ஸா மூன்றுக்கும் வடிவம் ஒன்றே. கீழே ஒரு புள்ளி இருந்தால் பா; மேலே இரண்டு இருந்தால் தா; மூன்று இருந்தால் ஸா. தமிழிலும் "பல்" தன் புள்ளியை இழந்தால் "பல" ஆகிவிடும். இணையத்திலும் இப்படியொரு புள்ளி உண்டு. அது பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை.

ஆள்களப் பெயர்

இணையத்திலுள்ள கணினிகள் ஒன்றையொன்று இலக்கங்களால் அடையாளம் காண்கின்றன. அவ்விலக்கங்களை நினைவில் வைப்பது கடினம் என்பதால் நாம் பெயர்களைப் பயன்படுத்துகிறோம். பெயருக்குரிய இலக்கத்தைத் தேடித்தரும் ஆள்களப் பெயர் முறைமையை 1983 இல் அமெரிக்காவில் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். நமது நாட்டுக்குரிய "எல்கே" என்ற பெயருடன், தமிழிலேயே "இலங்கை" என்று முடியும் பெயர்களுக்கும் 2010 இல் அனுமதி கிடைத்தது.

"அஞ்சல்.பாடசாலை.இலங்கை" என்று ஒரு பெயரைக் கற்பனை செய்வோம். இதன் படிநிலை அரபைப் போல வலமிருந்து இடமாகச் செல்கிறது. முதலில் இலங்கை, அதற்குள் பாடசாலை, அதற்குள் அஞ்சல். அப்படியானால் இலங்கைக்கும் மேலே இருப்பது எது? அதுவே "வேர்" எனப்படும் உச்சநிலை. வேருக்குப் பெயரில்லை, அது வெறுமையான பெயர். அந்த வெறுமையையும் "இலங்கை"யையும் பிரிப்பதற்கே கடைசியில் ஒரு புள்ளி இடப்படுகிறது. ஆகவே முழுமையான பெயர் "அஞ்சல்.பாடசாலை.இலங்கை." என்பதே. இங்கே இறுதியில் உள்ளது வாக்கியத்தின் முற்றுப்புள்ளி அல்ல, பெயரின் ஒரு பகுதி.

இருவகைப் பெயர்கள்

1987 இல் வெளியான நியம ஆவணங்கள் பெயர்களை இரண்டாகப் பிரிக்கின்றன. புள்ளியில் முடிவது முற்றுப் பெயர். புள்ளியின்றி முடிவது சார்புப் பெயர். அதனுடன் வேறொரு பெயரை இணைத்தே பொருள் கொள்ள வேண்டும். "பிரதான வீதி" என்று மட்டும் முகவரி எழுதினால், தபால்காரர் தமது ஊரின் பிரதான வீதியையே நினைப்பார் அல்லவா? அதுபோலத்தான். "முழுத் தகுதி பெற்ற ஆள்களப் பெயர்" என்ற சொல்லும் வழக்கில் உண்டு. சிலர் அதைப் புள்ளியுடனும் சிலர் புள்ளியின்றியும் எழுதுவதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். "முற்றுப் பெயர்", "சார்புப் பெயர்" என்று பிரித்துப் படித்தால் அந்தக் குழப்பம் இல்லை.

பெயர்ச் சேவையகத்தின் வலயக் கோப்பில் இந்த வேறுபாடு மிக முக்கியம். அங்கே புள்ளியை மறந்து "அஞ்சல்.பாடசாலை.இலங்கை" என்று எழுதினால், கணினி அதைச் சார்புப் பெயராக எடுத்து, தன் வலயத்தின் பெயரையும் பின்னால் ஒட்டிவிடும். விளைவு "அஞ்சல்.பாடசாலை.இலங்கை.பாடசாலை.இலங்கை." என்ற, உலகில் எங்குமில்லாத ஒரு பெயர்.

சுவீடனில் நடந்தது

2009 ஒக்டோபர் 12 ஆம் திகதி இரவு, சுவீடன் நாட்டுக்குரிய பெயர் வலயத்தைப் புதுப்பித்தபோது, ஒரு நிரலில் இருந்த தவறினால் பெயர்களின் இறுதிப் புள்ளி விடுபட்டது. அந்நாட்டின் பெயரில் முடியும் ஏறத்தாழ 9 இலட்சம் ஆள்களப் பெயர்கள் செயலிழந்தன. இணையத்தளங்கள் திறக்கவில்லை, மின்னஞ்சல்கள் சேரவில்லை. சுமார் ஒரு மணித்தியாலத்தில் தவறு திருத்தப்பட்டது. ஆனால் வேறு சேவையகங்கள் பிழையான பதிலைத் தமது தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்ததால், பாதிப்பு அதற்குப் பின்னரும் நீடித்தது.

நாம் செய்ய வேண்டியது

மேலோடியில் புள்ளியின்றித் தட்டச்சு செய்தாலும் தளம் திறக்கும். குறையை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். புள்ளியுடன் தட்டச்சு செய்தாலும் பெரும்பாலும் திறக்கும். எனினும் மேலோடி இரண்டையும் வெவ்வேறு தளங்களாகக் கருதுவதால், சில தளங்கள் பிழைச் செய்தி காட்டலாம். மின்னஞ்சல் முகவரியின் இறுதியிலோ புள்ளிக்கு இடமில்லை. எனவே இணையவழி விண்ணப்பங்களை நிரப்பும் பெற்றோரும் மாணவிகளும், ஒரு வாக்கியத்தின் முடிவிலுள்ள முகவரியைப் பிரதி செய்யும்போது முற்றுப்புள்ளியும் கூடவே வந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓரிடத்தில் கட்டாயமான புள்ளி, இன்னோரிடத்தில் பிழையாகிறது. எங்கே இட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரிந்திருப்பதே அறிவு. விடைத்தாளில் புள்ளிக்காக ஆசிரியை புள்ளி குறைக்கும்போது முகம் சுளிக்கும் நாம், சுவீடனின் அந்த இரவை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.