செடிக்கும் மணி தெரியும்

ஸ்ட்ராபெர்ரிப் பழத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அது பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை. அது எந்த நேரத்தில் தாக்கினாலும் செடிக்கு ஒரே சேதம்தானா?

இல்லை. அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் சோதித்துப் பார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். விடியலில் பூஞ்சை வைத்த இலைகளில் புண் சிறியது. இரவில் வைத்தவற்றில் பெரியது. விளக்கை அணைக்காமலே வைத்திருந்தபோதும் இதே வித்தியாசம்! அப்படின்னா காரணம் வெளிச்சம் மட்டும் இல்லை. செடிக்குள் ஓடும் ஏறக்குறைய 24 மணி நேரக் கடிகாரம். அந்தக் கடிகாரம் பழுதான செடிகளில் வித்தியாசமே காணாமப் போச்சு.

கடிகாரம் எப்படி ஓடுது? பொறியியல் வகுப்பில் நான் படிக்கும் பின்னூட்டம் போலத்தான். காலை மரபணுக்கள் மாலை மரபணுக்களை அடக்கும். பொழுது சாய்ந்ததும் மாலை மரபணுக்கள் காலை மரபணுக்களை அடக்கும்.

ஏன் நாள் முழுக்க ஒரே பலத்தில் காவல் இல்லை? எதிர்ப்புக்கும் சக்தி வேணும், வளர்ச்சிக்கும் வேணும். இருக்கிற சக்தியை நேரம் பார்த்துப் பங்கிட்டால் இரண்டும் நடக்கும்.

இதனால் நமக்கு என்ன? ஒரு பயிர் ரகம் நோயைத் தாங்குமா என்று சோதிக்கும்போது, எத்தனை மணிக்குச் சோதித்தோம் என்பதையும் குறிக்கணும். ஒன்றைக் காலையிலும் இன்னொன்றை இரவிலும் சோதித்து ஒப்பிட்டால், நல்ல ரகத்தையே நாம் ஒதுக்கிவிடலாம்.