‘25 கிராம் கூடுதல்’: பழைய சரக்கின் நஷ்டம் யாருக்கு?



சரக்கு வந்து இறங்கிப் பத்து நாள் ஆகியிருக்காது. அதே சோப்பு, அதே பெயர், அதே விலையில் மறுபடியும் வருகிறது. உறையின் மூலையில் மட்டும் ‘25 கிராம் கூடுதல்’ என்று ஒரு மஞ்சள் பட்டை. அன்று முதல் நம் அலமாரியில் உள்ள பழைய சோப்பைத் தொட ஆளில்லை. “அண்ணாச்சி, அந்தக் கூடுதல் போட்டதைத் தாங்க” என்றுதான் கேட்கிறார்கள். பாளை மார்க்கெட்டானாலும், அம்பாசமுத்திரம் கடைத்தெருவானாலும், ஸ்ரீவைகுண்டமானாலும் மளிகைக் கடைக்காரர்களுக்குப் பழகிப்போன தலைவலி இது. இதில் நஷ்டம் யார் தலையில் விழுகிறது, அதை எப்படித் தவிர்ப்பது என்பதே இந்த இதழின் பாடம்.

முந்தி வாங்கியவருக்கு என்ன மிச்சம்?

இது மளிகைக்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் வீடியோ கேம் வியாபாரத்திலும் உண்டு. ‘ஸ்கைரிம்’ என்ற விளையாட்டு 2011ல் வெளிவந்தது. அதையே மெருகேற்றி 2016ல் ஒரு பதிப்பும், மேலும் பல சேர்க்கைகளோடு 2021ல் இன்னொரு பதிப்பும் விற்பனைக்கு விட்டார்கள். இப்படிச் செய்யும்போது, முதலிலேயே முழு விலை கொடுத்தவர்கள் மனம் கசந்துபோவது இயற்கை. ஆனாலும் அவர்கள் வாங்கியதை விளையாடி அனுபவித்துவிட்டார்கள். நம் தொழிலில் முந்தி வாங்கியவர் கடைக்காரர். அவருக்கு அனுபவிக்க ஒன்றுமில்லை. இருப்பு மட்டும்தான் மிச்சம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

100 கிராம் சோப்பு ஒன்றின் விலை 40 ரூபாய், நம் அடக்கம் 36 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிராம் 40 பைசா ஆகிறது. புதிய உறையில் அதே 40 ரூபாய்க்கு 125 கிராம் வந்தால் கிராம் 32 பைசா. அப்படியானால் பழைய சோப்பின் நியாயமான விலை இனி 32 ரூபாய்தான். கையிருப்பு 60 சோப்பு என்றால், ஒன்றுக்கு 4 ரூபாய் வீதம் 240 ரூபாய் கைநஷ்டம். அடக்கம் மாறாத நிலையில் புதிய சோப்பில் ஒன்றுக்கு 4 ரூபாய்தான் லாபம். ஆக, 60 பழைய சோப்பின் நஷ்டத்தை ஈடுகட்டவே 60 புதிய சோப்பு விற்றாக வேண்டும். முடங்கிய முதலுக்கு வட்டி இந்தக் கணக்கில் சேரவில்லை.

அளவு ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

பிஸ்கட், டீத்தூள், உப்பு, சோப்பு முதலியவற்றை இன்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு முன்பு இருந்தது. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தத்தால் அது நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதை உறையில் அச்சிடும் முறை வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகளில் விலையைக் குறைத்தால் சில்லரை சிக்கல் வரும் என்று பல கம்பெனிகள் எடையைக் கூட்டின. ஒரே விலையில் இரண்டு எடை, ஒரே தட்டில் அருகருகே உட்கார்ந்தன.

சட்டத்தில் கவனிக்க வேண்டியவை

2017 நவம்பரில் 28 சதவீத வரி 18 ஆனபோது, விலையைக் குறைக்காமல் அளவைக் கூட்டிய ஒரு வழக்கில் 2025 செப்டம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கூடுதல் அளவு தந்தோம் என்பது விலையைக் குறைக்காததற்குச் சமாதானம் ஆகாது என்பதே அதன் சாரம். அந்த வழக்கில் பதில் சொல்லி நின்றவர் ஒரு விநியோகஸ்தர் என்பதை நம் மொத்த வியாபாரிகள் மனதில் கொள்ள வேண்டும்.

பழைய சரக்கை அச்சிட்ட விலைக்குக் குறைத்து விற்கத் தடையில்லை. ஆனால் அச்சிட்ட விலையை அழிப்பதோ திருத்துவதோ குற்றம். குறைந்த விலையை ஸ்டிக்கரில் ஒட்டினாலும் பழைய விலை மறையக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. புதிய உறைக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே பழைய இருப்பை எண்ணி, சேல்ஸ்மேனிடம் எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் பில்லில் ஏறாது.

2. வித்தியாசத்துக்கு ஈடோ, சரக்கைத் திருப்ப வசதியோ, இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். திருப்பினால் கிரெடிட் நோட்டை உடனே வாங்குங்கள். நிதியாண்டு முடிந்து அடுத்த நவம்பர் 30க்குப் பின் ஏஜென்சியால் அதற்கான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது.

3. வீணாயிற்று என்று எறிந்த சரக்குக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். எனவே எறிவதைவிடக் குறைத்து விற்பதே மேல்.

4. ஸ்கீமுக்காக வாங்காதீர்கள், ஓட்டத்துக்காக வாங்குங்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தை நம்பி அரிசி, பருப்பு கூடுதலாக எடுத்து வைக்கலாம். அதே துணிச்சலில் சோப்பும் ஷாம்பும் பத்துப் பெட்டி இறக்குவது சரியல்ல. பதினைந்து நாள் விற்பனைக்கு மேல் இருப்பு வேண்டாம்.

5. இரண்டு எடையையும் கலந்து அடுக்காதீர்கள். பழையது குறைந்த விலையில் என்று எழுதித் தனியே வையுங்கள். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் எடையைப் பார்த்து ஏமாந்ததாக நினைத்தால், இழப்பு 8 ரூபாயோடு நிற்காது. மாதச் சாமான் பட்டியலே வேறு கடைக்குப் போய்விடும்.

தனி ஒரு கடைக்காரர் கேட்டால் “மேலிடத்தில் சொல்கிறோம்” என்பார்கள். ஒரு தெருவே சேர்ந்து, பழைய இருப்புக்கு வழி சொன்ன பிறகுதான் புதிய பில் என்று நின்றால் பதில் வரும். சங்கம் இருப்பது அதற்காகத்தான்.