கருங்கனியும் நம் நாவலும்

பிளாக் கரண்ட் என்னும் பெயர் இன்று நம் நாட்டார்க்குப் புதியதன்று. ஐஸ்கிரீமிலும் புட்டிப் பானங்களிலும் அப்பெயர் பொறிக்கப்பட்டிருத்தலை யாவரும் காண்கின்றோம். ஆயினும் அக்கனியைச் செடியிற் கண்டவர் நம்முள் மிகச் சிலரே. உலர்ந்த கருந்திராட்சையே அதுவெனக் கொள்வாரும் உளர். அக்கனி உடலுக்குச் செய்யும் நன்மை யாது, அந்நன்மையைத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் வாழ்வோர் எவ்வாறு பெறலாம் என்னும் இரண்டனையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இக்கனி ஐரோப்பா, ஆசியா ஆகிய இரு கண்டங்களின் வடபாகத்துக் குளிர்நிலங்களில் விளைவது. புதராக வளரும் சிறு செடியிற் காய்ப்பது. திராட்சைக் கொடிக்கும் இதற்கும் உறவு யாதுமில்லை. கடுங்குளிர் பெற்றாலன்றி இச்செடி செவ்வனே காய்ப்பதில்லை. ஆகலின் நம் வெயில் நிலம் இதற்கு ஏலாது.

இதன் சிறப்பு இருவகைப்படும். முதலாவது வைட்டமின் சி. 100 கிராம் கனியில் இச்சத்து ஏறத்தாழ 180 மில்லிகிராம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டிற் பரிந்துரைத்த அளவோ ஆடவர்க்கு நாளொன்றுக்கு 80, மகளிர்க்கு 65 மில்லிகிராமே. இச்சத்துக் குறையின் ஈறு வீங்கிக் குருதி கசியும். புண் ஆறுதல் தாழ்க்கும். முற்றினால் ஸ்கர்வி என்னும் கொடுநோயாம். இரண்டாவது சிறப்பு அதன் கருநிறம். ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருளே அதற்குக் காரணம்.

இக்கனி புகழ்பெற்றது போரினால் என்பது அறியத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துக்கு ஆரஞ்சுப் பழம் வருவது அரிதாயிற்று. அந்நாட்டிலேயே விளைந்த பிளாக் கரண்ட் சாற்றை 1942 முதல் அரசாங்கத்தார் குழந்தைகட்கு இலவசமாக வழங்கினர். அக்காலத்தை ஒட்டியே நம் நாட்டிலும் அத்தகைய முயற்சியொன்று நிகழ்ந்தது. நீலகிரியிலுள்ள குன்னூர் ஆராய்ச்சிச் சாலையார் 1930-களில் இந்திய உணவுப் பொருள்களிலுள்ள வைட்டமின் சி அளவை ஆராய்ந்தனர். நெல்லிக்கனி அச்சத்திற் சிறந்ததெனத் தெளிவாயிற்று. 1939-40இல் வடநாட்டு ஹிஸார் மாவட்டத்திற் பஞ்சம் நேர்ந்து ஸ்கர்வி பரவியபோது, நெல்லியே மருந்தாகி மக்களைக் காத்தது. அவரவர் தம் நிலத்துக் கனியையே நாடிப் பயன்பெற்றனர் என்பது இவ்விரு நிகழ்ச்சிகளாற் பெறப்படும்.

இனி நம் நாவலை நோக்குவோம். இந்நிலப் பரப்பையே நாவலந்தீவு என வழங்கினர் நம் முன்னோர். ஔவையார்க்கு முருகன் நாவற்கனி உதிர்த்த கதையை அறியாதார் யார்? ஆனி, ஆடித் திங்களில் இக்கனி கூடைகளில் விலைக்கு வரும். வடநாட்டினின்றும் கும்மிடிப்பூண்டி ஆலைகட்கு வந்து உழைப்போரும் இதனை ஜாமுன் என அறிவர். பிளாக் கரண்டிற் காணும் நிறப்பொருள் வகையே நாவலிலும் உண்டு; உண்டாரது நா நீலம் பாரிப்பதற்குக் காரணம் அதுவே. ஆனால் வைட்டமின் சியோ பிளாக் கரண்டில் உள்ளதிற் பத்திலொரு பங்களவே. அக்குறையை நிரப்ப நெல்லியும் கொய்யாவும் உள. 100 கிராம் நெல்லியில் 250 மில்லிகிராம் அளவும், கொய்யாவில் 200-க்கு மேலும் அச்சத்து உண்டு. எனவே அயல்நாட்டு ஒரு கனி தரும் இரு நன்மையையும் நம் நாட்டுக் கனிகள் தம்முட் பகிர்ந்து தருகின்றன எனலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஆந்தோசயனின் இரத்த ஓட்டத்திற்கும், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தணித்தற்கும் துணையாகலாமென மனிதரிடத்தும் சில சோதனைகள் நிகழ்ந்துள்ளன. அவை பெரும்பாலும் சிலரை வைத்துச் சில நாளே செய்யப்பட்டவை. நம்பிக்கை தருவனவேயன்றி முடிவு தருவன அல்ல. நாவற்கொட்டைப் பொடி நீரிழிவுக்குச் சித்த மருத்துவத்திற் பயில்வது. விலங்குகளிடத்துச் செய்த சோதனைகளில் அது பயன் காட்டியதுண்டு. ஆயின் பிரேசில் நாட்டார் நாவல் இலையைக் காய்ச்சிய நீரை நீரிழிவாளர்க்குக் கொடுத்து ஆராய்ந்தபோது, சர்க்கரை குறையவில்லை. ஒப்புநோக்கக் கொடுத்த மாத்திரையே அதனைக் குறைத்தது. இலை வேறு, கொட்டை வேறு என்பது மெய்யே. எனினும் ஒருறுப்பின் புகழை மற்றோர் உறுப்புக்கு ஏற்றுதல் தவறென்பது இதனால் விளங்கும். இரவு பகல் முறை மாறி உழைக்கும் தொழிலாளர் ஒருவர், பொடியை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை விடுவாராயின், நாளடைவிற் கண்ணும் சிறுநீரகமும் காலும் கெடுதற்கு இடமாம். கனியை உண்க, மருந்தை விடற்க, பொடி உண்ண விரும்பின் மருத்துவரைக் கேட்டு உண்க.

புட்டிப் பானத்தைப் பற்றியும் ஒரு சொல். கனியின் பெயர் மேலே இருப்பினும், உள்ளே பெரும்பகுதி சர்க்கரையும் செயற்கை மணமுமாக இருத்தல் கூடும். புட்டியிற் பொறித்த சிற்றெழுத்தைப் படித்தறிதல் நம் கடமை. கனியைக் கழுவி முழுதாக உண்பதே சாலச் சிறந்தது. நெல்லியையும் நெடுநேரம் வேகவைத்தல் கூடாது. வைட்டமின் சி வெப்பத்தால் அழிவது.

அதியமான் தனக்குக் கிடைத்த அருநெல்லிக் கனியை ஔவைக்கு ஈந்த வரலாறு புறநானூற்றால் அறியப்படும். நம்மனோர்க்கு நெல்லி அரிய கனியன்று. வீட்டுக் கொல்லையில் வளர்வது. நாவலும் அத்தகையதே. தொழில் வளரும் ஊர்களில் சாலைக்கும் மனைக்கும் மரங்கள் வீழ்தல் இயல்பாகிவிட்டது. வீழ்ந்தவற்றிற்கு ஈடாகப் பள்ளி முற்றத்திலும் ஆலை வேலியோரத்திலும் நாவலும் நெல்லியும் நட்டு வளர்த்தல் மாணவராகிய நமக்கு அரிதன்று. அவை தரும் கனி, விலை கொடுத்துப் புட்டிச் சாறு வாங்க இயலாத ஏழைக் குழந்தைகட்கும் உரியதாகும் அன்றோ?