அகற்றிய கட்டி ஏன் திரும்புகிறது?

மூளையில் வளரும் கட்டிகள் எல்லாம் ஒரே குணமுடையவை அல்ல. மூளையைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வுகளில் தோன்றும் மெனின்ஜியோமா பெரும்பாலும் மெதுவாக வளரும். அது மூளையை அழுத்தித் தள்ளுமே தவிர உள்ளே நுழைவது குறைவு. அமைந்துள்ள இடம் வாய்ப்பாக இருந்தால் அதை முழுவதுமாக எடுத்துவிடலாம்.

கிளியோபிளாஸ்டோமா அப்படியல்ல. அதற்கு ஓரம் என்று ஒன்று இல்லை. அதன் கலங்கள் தனித்தனியே பிரிந்து, நரம்பு நார்கள் வழியாகவும் குருதிக் கலன்களை ஒட்டியும் நல்ல மூளைக்குள் ஊர்ந்து போய்விடும். ஊடுருவும் கட்டியுள்ள சிலருக்கு மூளையின் வலது பாதியையே அகற்றியதை, அமெரிக்காவின் போல்டிமோர் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் வோல்டர் டான்டி 1928 இல் அறிவித்தார். பாதி மூளையை எடுத்தும் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்த இரு குணங்களுக்கும் காரணம் என்ன? எங்கள் வீட்டில் உம்மாவின் சமையல் கொப்பி ஒன்று இருக்கிறது. வட்டிலப்பமும் அதில் உண்டு, நோன்புக் கஞ்சியும் உண்டு. எந்தப் பக்கம் அடிக்கடி திறக்கப்படுகிறது என்பதை எண்ணெய்க் கறையே சொல்லிவிடும். நம் கலங்களும் இப்படித்தான். ஈரல் கலத்திலும் மூளைக் கலத்திலும் இருப்பவை ஏறத்தாழ அதே 20,000 பரம்பரையலகுகள். திறக்கப்படும் பக்கங்கள்தான் வேறு. இதையே பரம்பரையலகு வெளிப்பாடு என்கிறோம். கறைக்குப் பதிலாக, ஒவ்வொரு பரம்பரையலகிலிருந்தும் எவ்வளவு தூது ஆர்.என்.ஏ எடுக்கப்பட்டிருக்கிறது என்று விஞ்ஞானிகள் அளக்கிறார்கள். புற்றுக் கலத்தின் டி.என்.ஏ யில் எழுத்துப் பிழைகளும் உண்டு. அப்பிழைகள் பல, திறக்கக் கூடாத பக்கங்களைத் திறந்துவிடுகின்றன.

தரம் குறைந்த கட்டிகளோடு ஒப்பிடும்போது கிளியோபிளாஸ்டோமாவில் எம்.எம்.பி-9 என்ற நொதியத்தின் வெளிப்பாடு அதிகம். கலங்களுக்கிடையே உள்ள கூழ் போன்ற தாயத்தை அரித்து வழி வெட்டுவது இந்தக் குடும்பத்து நொதியங்களின் வேலை. அந்தக் கூழிலுள்ள ஹையலுரோனிக் அமிலத்தைப் பற்றிப்பிடித்து நகர சி.டி.44 என்ற மென்சவ்வுப் புரதம் உதவுகிறது. என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்: இவை எவையும் புற்றுநோய் கண்டுபிடித்த வித்தைகள் அல்ல. காயம் ஆறும்போது இதே நொதியங்கள் வேலை செய்கின்றன. கருவில் மூளை உருவாகும்போது நரம்புக் கலங்களும் தம் இடத்தைத் தேடி இப்படித்தான் நகர்ந்தன.

அப்படியானால் அந்த நொதியங்களைத் தடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். மாரிமஸ்டாட் என்ற மருந்தால் அதையும் செய்து பார்த்தார்கள். கிளியோபிளாஸ்டோமா நோயாளரின் ஆயுள் கூடவில்லை. ஒரு வழியை அடைத்தால் கலம் வேறு நொதியங்களைப் பயன்படுத்துகிறது, அல்லது அமீபாவைப் போல உடலை நெளித்து இடுக்குகளால் நுழைகிறது. அதிகமாகத் திறந்திருக்கும் பக்கம் எது என்று தெரிவதும், நோய் அந்த ஒரு பக்கத்தில்தான் தங்கியிருக்கிறது என்று தெரிவதும் ஒன்றல்ல.

2005 இல் வெளியான ஓர் ஆய்வில், கதிர்ச் சிகிச்சையோடு டெமோசோலோமைட் மருந்தையும் சேர்த்தபோது நோயாளரின் ஆயுட்கால இடையம் 12.1 மாதங்களிலிருந்து 14.6 மாதங்களானது. கணித பாடத்தில் நாம் காணும் அதே இடையம்தான். அந்த இரண்டரை மாதத்தைச் சிறியது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கதிரும் இம்மருந்தும் பிரியும் கலங்களையே அதிகம் தாக்குகின்றன. ஊர்ந்துகொண்டிருக்கும் கலமோ குறைவாகவே பிரிகிறது. பயணம் முடிந்து ஓரிடத்தில் தங்கியபின் மீண்டும் பெருகத் தொடங்குகிறது.

ஆய்வுகூடத்துக்குப் போகும் மாதிரிகள் பெரும்பாலும் வெட்டியெடுத்த கட்டியின் நடுப்பகுதியிலிருந்து வருபவை. ஓரத்தைத் தாண்டிய கலங்களில் திறந்திருக்கும் பக்கங்கள் நடுப்பகுதியில் உள்ளவை போன்றவை அல்ல. திரும்பி வரப்போகும் கட்டி, எடுக்கப்படாமல் மூளையில் தங்கிவிட்ட அந்தக் கலங்களிலிருந்துதான் வருகிறது. ஆகவே இப்போது சில ஆய்வாளர்கள், பாதுகாப்பாக எடுக்க முடிந்த இடங்களில், கட்டியின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் தனித்தனி மாதிரிகள் எடுத்து, ஒவ்வொரு கலத்தின் ஆர்.என்.ஏ யையும் தனியே வாசிக்கிறார்கள்.