பாடம் 9: பிள்ளையைப் பறித்துக்கொள்வார்களா?

வீட்டில் அடி விழுகிறது. அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். பள்ளிக்கூட டீச்சருக்கும் தெரியும். அம்மா மட்டும் வாய் திறப்பதில்லை. ஏன்?

சாலைக் கடைத்தெருவில் பூக்கட்டும் ஓர் அக்கா எங்கள் வகுப்பில் சொன்னார்: "வெளியே சொன்னா பிள்ளைங்களைக் கொண்டுபோய் ஹோம்ல போட்டுடுவாங்களே, தம்பி!"

இந்தப் பயம் பலருக்கு உண்டு. அடிப்பவரும் இதைச் சொல்லித்தான் மிரட்டுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-இல் ஒரு சட்டம் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ளது. மனுக் கொடுத்தால், மாஜிஸ்திரேட் பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம். தகப்பன் பிள்ளையைப் பார்க்கும் ஏற்பாட்டையும் அவரே சொல்வார். பார்ப்பதால் பிள்ளைக்குக் கெடுதல் என்றால் மறுக்கலாம்.

குழந்தைகள் நலக் குழு வேறு. அது 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. தலைவரோடு ஐந்து பேர். பிள்ளைக்கு ஆபத்து என்று தகவல் போனால் விசாரிப்பார்கள். வீட்டு நிலையை அறிக்கையாக வாங்குவார்கள். சில காலம் பிள்ளையை இல்லத்தில் வைக்கவும் செய்யலாம். இதை மறைக்க வேண்டாம். ஆனால் பிள்ளை குடும்பத்தில் வளர்வதே முதல் வழி. இல்லம் கடைசி வழி. இதுவும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

மௌனம் தாயைக் கெடுப்பது இங்கேதான். பிள்ளையின் கையில் காயம். "விழுந்துட்டான்" என்கிறார் அம்மா. அறிக்கையில் என்ன ஏறும்? அம்மா கவனிக்கவில்லை என்று ஏறலாம். யார் அடித்தது, தடுக்கப்போன தனக்கும் எங்கே அடிபட்டது என்று சொன்னால், அது ஏறும்.

நம் திருவனந்தபுரத்திலேயே ஒரு தாய், தன் கைக்குழந்தையைத் தன் வீட்டாரே சம்மதமின்றிப் பிரித்துவிட்டதாகப் புகார் சொன்னார். குழந்தை ஆந்திராவில் ஒரு தம்பதியிடம் வளர்ந்தது. தாய் விடவில்லை. தெருவில் உட்கார்ந்து போராடினார். டி.என்.ஏ. பரிசோதனை நடந்தது. 2021 நவம்பரில் வஞ்சியூர் குடும்ப நீதிமன்றம் குழந்தையைத் தாயிடம் கொடுத்தது.

பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. வக்கீலுக்குப் பணம் இல்லையா? சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். பெண்களுக்கு, வருமானம் பார்க்காமல், வக்கீல் இலவசம்.

எழுதிப் பழகுவோம்

"12-ஆம் தேதி இரவு என் கணவர் என்னையும் மகனையும் அடித்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஓ.பி. சீட்டு இணைத்துள்ளேன். பிள்ளைகள் என்னிடமே இருக்க உத்தரவிட வேண்டுகிறேன்."